திராயும் சிறுசெருப்படையும்: தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்போம்

[காட்சி: சம்பா அறுத்த வயல். வரப்போரம் தரையோடு படர்ந்த பசுஞ்செடி.]

சம்பா அறுவடை முடிந்து உளுந்து தழைக்கும் பிப்ரவரியில், டெல்டா வயல்களின் ஓரத்தில் இந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள். திராய். கீரையாகச் சமைப்பவர்களுக்கு இதன் கசப்பு நன்றாகத் தெரியும்.

[காட்சி: நீர் வற்றிய கொள்ளிடப் படுகை.]

இதோ, வண்டலில் வட்டமாகப் படர்ந்து கிடப்பது சிறுசெருப்படை. இரண்டும் கிளைனஸ் என்ற ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழு. இரண்டிலும் கணுவைச் சுற்றி இலைகள், இலைக்கோணத்தில் கொத்தாகப் பூக்கள். நிறத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். புழுதி படிந்தால் இரண்டும் சாம்பல்தான்.

[காட்சி: விரல் தண்டைத் தடவுகிறது. பிறகு லென்ஸ்.]

தண்டைத் தடவுங்கள். முற்றிய திராய் வழவழப்பாக இருக்கும். சிறுசெருப்படையோ தண்டு, இலை எல்லாம் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கும். லென்ஸில் பாருங்கள், ஒவ்வொரு மயிரும் நட்சத்திரமாகக் கிளைத்திருக்கிறது! காலில் மிதிபடும் ஒரு களைக்குள் எவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு!

திராயின் இளந்தண்டிலும் லேசாக மயிர் உண்டு. ஆகவே பூக்காம்பையும் பார்த்துவிடுங்கள். திராயின் காம்பு மெல்லியது. 5 மில்லிமீட்டருக்குக் குறையாது, சில காம்புகள் 1 சென்டிமீட்டரையும் தாண்டும். சிறுசெருப்படையின் பூ, காம்பே இல்லாததுபோல் கணுவோடு ஒட்டியிருக்கும். காய் வெடித்தால் திராயில் 3 பிளவுகள், மற்றதில் பெரும்பாலும் 5.

[காட்சி: உள்ளங்கையில் கசக்கிய காய்கள், சிறு விதைகள்.]

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இவற்றை வெவ்வேறு பேரினங்களில் வைத்தார். திராய்க்கு அவர் தந்த இடம் மொல்லுகோ என்ற பேரினம். 1901இல்தான் அது கிளைனஸுக்கு வந்து சேர்ந்தது. அந்த உறவை விதையில் பார்க்கலாம்: இரண்டின் விதையிலும் நூலிழை போன்ற ஒரு வால் சுற்றியிருக்கிறது. மொல்லுகோ விதையில் அந்த வால் கிடையாது. வெளியே இவ்வளவு வேறுபட்டவை விதையில் ஒன்றாகிவிடுவதால்தான், தாவரத்தை அறிய இலையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று சொல்கிறேன்.

எத்தியோப்பியாவில் சிறுசெருப்படையின் விதையை நாடாப்புழுவுக்கு மருந்தாகக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அப்படிப்பட்ட செடியைத் திராய் என்று நினைத்துக் கீரைக்கூடையில் அள்ளிவிடாதீர்கள். பூக்காத செடி என்றால், சந்தேகம் இருக்கும்வரை பறிக்க வேண்டாம்.

[காட்சி: காய்ந்த வாய்க்கால், தூரத்தில் மதகு.]

பார்க்க ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால், படுகையில் இருப்பவை மூழ்கிவிடும். லென்ஸோடு அதற்கு முன்பே இறங்குங்கள்.