சூரியன்ல வெடிப்பு, ரேடியோவில இரைச்சல்: ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்து உவரியில இருந்து ஒரு அண்ணாச்சி கேக்காங்க: "சூரியன்ல வெடிப்பு வந்தா ரேடியோ அலையும் வருமாமே, பெரிய வெடிப்புன்னா இரைச்சலும் பெருசா இருக்குமா? என் பழைய சிற்றலை ரேடியோ பகல்ல திடீர்னு செத்துப் போகுது, அதுவும் இதானா?"

ரெண்டு சங்கதி கலந்து கிடக்கு அண்ணாச்சி. ரேடியோ சாகுறது வெடிப்புல இருந்து வர்ற எக்ஸ் கதிரால. அது 8 நிமிஷம் சொச்சத்துல இங்க வந்து, 60லேர்ந்து 90 கிலோமீட்டர் உயரத்துல காத்தை மின்னேத்திரும். சிற்றலை அதுக்குள்ள போய் அமுங்கிரும். அப்ப இரைச்சல் வராது, நிலையம்தான் மங்கி மறையும். (பேட்டரியையும் ஒருக்கா பாத்துக்கிடுங்க.)

இரைச்சல் கதை வேற. 1942 பிப்ரவரியில பிரிட்டிஷ் ராணுவ ரேடார்ல ஒரே இரைச்சல். ஜெர்மன்காரன் வேலைன்னு நினைச்சாங்க. ஹே-ன்னு ஒருத்தர் விசாரிச்சா, இரைச்சல் வந்த திசை சூரியன் கூடவே நகருது! அன்னைக்கு சூரியன்ல பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒண்ணு இருந்துச்சு.

எப்படி வருது? காந்தப்புலம் முறுக்கிக்கிட்டு அறுந்து சேரும்போது எலெக்ட்ரான் கத்தை பிச்சுக்கிட்டு ஓடுது. ஒளி வேகத்துல மூணுல ஒரு பங்குகூட போகும். போற வழியில உள்ள பிளாஸ்மாவை, அதாவது மின்னேறின சூடான வாயுவை, அதிர வைக்குது. அந்த அதிர்வுதான் ரேடியோ அலையா வெளிய வருது. கீழ அடர்த்தி ஜாஸ்தி, அதனால அதிர்வெண் ஜாஸ்தி. மேல போகப் போக குறையும். அடிபம்புல குடம் நிறைய நிறைய சத்தம் கீச்சுன்னு ஏறும்லா? அதைத் தலைகீழாக் கேளுங்க, சில நொடியில இறங்கிரும். அந்த இறக்கத்தை வச்சே கத்தை எவ்வளவு வேகமா வெளிய போகுதுன்னு கணக்குப் போடுதாங்க.

இப்ப உங்க முதல் கேள்வி. பெருசுக்குப் பெருசுன்னு கணக்கு இல்ல. 2003 நவம்பர் 4-ல வந்த வெடிப்பு, அளக்குற செயற்கைக்கோள் கருவியே திணறிப்போற அளவு பெருசு. 2006 டிசம்பர் 6-ல வந்தது அதுக்கு ரொம்பக் கீழ. ஆனா ரேடியோ இரைச்சல் அதுவரை பதிவானதையெல்லாம் தாண்டிருச்சு. வெடிப்பை எக்ஸ் கதிரை வச்சு அளக்கோம், அது முக்கியமா சூட்டைச் சொல்லும். ரேடியோ சொல்றது எலெக்ட்ரான் எப்படி ஓடுது, காந்தப்புலத்துல எப்படிச் சுத்துதுன்னு. வெடிப்பு வந்தும் ரேடியோ வாயே திறக்காத நாளும் உண்டு.

அந்த 2006 இரைச்சல்ல பகல் பக்கத்து நாடுகள்ல ஜிபிஎஸ் கருவிகள் தடுமாறிச்சு. நமக்கு அப்ப நடுச்சாமம், உவரிப் படகுல உள்ள கருவிக்கு ஒண்ணும் ஆயிருக்காது.