குளிர்கால யெல்லோஸ்டோன்: எந்த விடுதியில் தங்குவது, எப்படிப் போய்ச் சேருவது?

அடுத்த கேள்வியை டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார். அவருக்கு 66 வயது, கணவருக்கு 71 வயது. இருவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். வருகிற ஜனவரியில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் நான்கு இரவுகள் தங்க வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசையாம். "எங்கள் வயதுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா? வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நேராக ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதிக்கே போய்விட முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்குரிய விடையும் அதைச் சார்ந்துதான் இருக்கிறது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்றின் அருகிலுள்ள அந்த விடுதிக்குக் காரில் போக முடியாது. குளிர்காலத்தில் அந்தப் பூங்காவில் சாதாரண வாகனங்களுக்குத் திறந்திருக்கும் சாலை ஒன்றே ஒன்றுதான். மொன்டானா மாநிலத்தின் கார்டினர் ஊரில் உள்ள வடக்கு வாயிலில் தொடங்கி, மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸ் வழியாக, லமார் பள்ளத்தாக்கைக் கடந்து வடகிழக்கு வாயில் வரை செல்லும் சாலை அது. பூங்காவின் உட்பகுதிச் சாலைகளில் பனியை அகற்றாமல் அழுத்திச் சமன் செய்து விடுகிறார்கள். அவற்றின் மேல், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் மாதத்தின் முதல் பாதி வரை, ஸ்னோகோச் எனப்படும் பனி வண்டிகளும் அனுமதி பெற்ற பனி மோட்டார் வண்டிகளும் மட்டுமே ஓடும்.

நீங்கள் அனுப்பியிருந்த படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய மரத்தடிகளால் எழுப்பிய, வானளாவிய கூடம் கொண்ட அந்தக் கட்டடம் 1904-இல் திறக்கப்பட்ட ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன். குளிர்காலம் முழுவதும் அது மூடியே இருக்கும். பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். குளிர்காலத்தில் பூங்காவுக்குள் தங்க இரண்டு விடுதிகள்தாம் உண்டு: ஒன்று காரிலேயே போய்ச் சேரக்கூடிய மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல், மற்றொன்று பனி வண்டியில் மட்டுமே அடையக்கூடிய ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஸ்னோ லாட்ஜ்.

நான்கு இரவுகளில் முதல் இரண்டை மாமத்திலும் அடுத்த இரண்டை ஸ்னோ லாட்ஜிலும் கழியுங்கள் என்பது என் யோசனை, வரிசையை மாற்றாதீர்கள். மாமத் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், உடல் படிப்படியாகப் பழகிக்கொள்ள இது உதவும். மாமத்தில் ஆண்டு முழுவதும் இயங்கும் ஒரு சிறிய மருத்துவமனையும் உண்டு. உங்களில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் காரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடலாம். ஸ்னோ லாட்ஜில் அந்த வசதி கிடையாது. அங்கிருந்து மாமத்துக்குத் திரும்பப் பனி வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும், அதுவும் வண்டி புறப்படும் நேரத்துக்குத்தான். ஆகவே, இதய நோயோ நுரையீரல் நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அறையைப் பதிவு செய்யக் கூடாது.

குளிரைப் பொறுத்தவரை, பகலிலேயே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸுக்கும் 5 டிகிரிக்கும் இடையில் இருப்பது அங்கு இயல்பு. இரவில் அதற்கும் கீழே போகும். இந்தக் குளிரை உடை சமாளித்துவிடும் என்பது என் அனுபவம். ஆனால் உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் கதகதப்பான ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் கோட்டு என்று அணியுங்கள். நம் ஊர் மங்கி கேப்பைக் கேலி செய்ய அங்கே ஆள் கிடையாது, தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். குளிரைவிட நான் அதிகம் அஞ்சுவது வழுக்கலைத்தான். வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள மரப்பலகைப் பாதைகளில் நீராவி படிந்து உறைந்து கண்ணாடி போலாகிவிடும், எனவே காலணிக்கு அடியில் மாட்டும் முள் பட்டைகளும் ஊன்றுகோலும் இல்லாமல் அறையை விட்டு இறங்காதீர்கள். உங்கள் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், அதைப் பெட்டியில் வைக்காமல் கோட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். பனிப்புயலால் வண்டி தாமதப்படலாம் என்று எண்ணி, மருந்துகளை இரண்டு மூன்று நாட்களுக்குக் கூடுதலாகவே கொண்டு செல்லுங்கள்.

மாமத்தில் தங்கும் இரண்டு நாட்களில் ஒரு நாளாவது விடிவதற்கு முன் எழுந்து லமார் பள்ளத்தாக்குக்குப் போங்கள். 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து இந்தப் பூங்காவில் விட்டார்கள்; அவற்றின் வழிவந்த கூட்டங்களை வெண்பனிப் பின்னணியில் தொலைநோக்கி வழியாகச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். பைசன் எனப்படும் காட்டெருமைகள் தலையை இடமும் வலமும் வீசிப் பனியை ஒதுக்கிப் புல்லைத் தேடும் காட்சி அதைவிட எளிதாகக் கிடைக்கும். பைசனிடமிருந்து 23 மீட்டரும் ஓநாயிடமிருந்து 91 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி.

ஸ்னோ லாட்ஜில் உங்களுக்கு வேலையே காத்திருப்பதுதான். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்று சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பீச்சியடிக்கும். முந்தைய வெடிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கொண்டு அடுத்ததன் நேரத்தைக் கணிக்கிறார்கள், நீண்டு அடித்திருந்தால் இடைவெளியும் நீளும். நானும் என் மனைவியும் சென்றபோது, ஊற்று எழுந்த அதே கணத்தில் என் கைபேசி குளிரில் அணைந்துபோயிற்று. நான் பதறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் முழுதும் பார்த்தாள். பிறகு கைபேசியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு அடுத்த முறைக்குப் போனோம். அப்போது அங்கே நின்றவர்கள் எங்களைச் சேர்த்து ஏழு பேர், கோடையில் ஆயிரக்கணக்கானோர் கூடும் அதே இடத்தில். எழுந்த நீராவி அருகிலிருந்த மரங்களில் படிந்து அப்படியே வெள்ளையாக உறைந்து நின்றது. அறைக்குத் திரும்பிக் குடித்த தேநீர் சுமாராகத்தான் இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குறை சொல்லிப் பயனில்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ பெற்றவர்கள் என்றால், 62 வயது கடந்தவர்களுக்கான ஆயுட்கால அனுமதிச் சீட்டை 80 டாலருக்கு வாங்கலாம். ஒருவரிடம் இருந்தால் அதே காரில் வரும் மற்றவருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அறை வாடகைக்கும் பனி வண்டிக்கும் அது செல்லாது. அவை இரண்டும் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், அறையைப் பதிவு செய்யும் அன்றே பனி வண்டியில் போகவும் வரவும் இருக்கைகளைச் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.