ஃபார்மேட்டுக்கு முந்தைய நாள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் நடத்தும் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்தார். ஊர் ஊராகப் போய், வயதான தெருக்கூத்துக் கலைஞர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு அவர் தட்டச்சு செய்த பாடல்கள் முந்நூறு பக்கத்துக்கு மேல் அதில் இருந்தன. கணினி மெதுவாக ஓடுகிறது என்று, தமக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டிருக்கிறார். முதலில் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்தார்கள். வட்டை ஃபார்மேட் செய்து அழித்தார்கள். வேலை முடிந்ததும் கோப்புகளைத் திரும்ப ஏற்றினார்கள். ஒரு கோப்பும் குறையவில்லை. ஆனால் திறந்தால் தமிழைக் காணோம்.

'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகள். அவற்றை அடுத்து ஓர் அரைப்புள்ளி. முந்நூறு பக்கமும் இதே கதை. ஏதோ வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு இரவு தூங்கவில்லை.

டி.டி.பி. என்ற கணினி அச்சுக்கோப்பு வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஐந்து குறிகளைக் கேட்டவுடனே புரிந்திருக்கும். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தபோது, கோப்புக்குள் பதிவானவை ஆங்கில எழுத்துகள்தாம். அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்துத் திரையில் காட்டியது எழுத்துரு. அந்த எழுத்துரு சி டிரைவில், விண்டோஸ் என்ற அடைவுக்குள், ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் இருந்தது. சி டிரைவோடு அதுவும் அழிந்துவிட்டது.

தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று 2010-இல் ஆணையிட்டது. ஆனால் அதற்கு முன்பு அடித்ததும், பழக்கத்தை விடாமல் பின்பு அடித்ததும் ஏராளம். கோயில் மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், ஆய்வேடுகள், தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி அடித்துவைத்த குடும்ப வரலாறு என்று எத்தனையோ கோப்புகள் இன்னும் பழைய எழுத்துருக்களை நம்பித்தான் கிடக்கின்றன. அதனால்தான் இயங்குதளம் மாற்றப்போகிற எவரிடமும் நான் முதலில் எழுத்துருக்களைப் பற்றிக் கேட்கிறேன். ஃபாண்ட்ஸ் அடைவை அப்படியே நகலெடுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பாமினி இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஏதோ ஓர் அச்சகம் தன் வேலைக்கென்று வைத்திருந்த எழுத்துரு போனால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இந்தப் பேச்சை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 2018-க்கு முன் வாங்கிய கணினிகளின் பிராசசர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலிலேயே இல்லை. நன்றாக ஓடும் கணினியைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்களுக்கு வருகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கேள்விப்பட்டு, அரை மணி நேரத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டு வருகிறார்கள். முந்தைய நாள் முழுவதையும் ஆயத்தத்துக்கு ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

"எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை" என்று பலர் சொல்கிறார்கள். பல கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே வன்தட்டின் இரண்டு பகுதிகள். ஒரே பீரோவின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் போல. விண்டோஸை மட்டும் திரும்பப் போடும்போது மேல்தட்டைத்தான் துடைப்பார்கள், கீழ்த்தட்டு பிழைத்துக்கொள்ளும். இப்படிப் பல ஆண்டுகள் பிழைத்ததில் வந்த நம்பிக்கை அது. லினக்ஸ் நிறுவும்போது, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்று ஒரு தெரிவு வரும். அதை ஏற்றுக்கொண்டால் பீரோவே காலி. ஆகவே கோப்புகள் அந்தக் கணினியை விட்டே வெளியேறவேண்டும். தனி வன்தட்டு ஒன்றில் ஒரு நகல், வேறோர் இடத்தில் இன்னொரு நகல். நகலெடுக்கும்போது வன்தட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, மிக முக்கியமானதை முதலில் எடுங்கள்.

எதை எடுப்பது? டெஸ்க்டாப்பில் கண்முன்னே இருப்பதும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக்கில் இறக்கிவைத்த பழைய மின்னஞ்சல்கள் ஆகியவை கண்ணில் படாத அடைவுகளில் இருக்கும். ஒன்டிரைவ் பயன்படுத்துவோர் கோப்பின் பக்கத்தில் சிறிய மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோப்பின் பெயர்தான் உங்கள் கணினியில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. கடைக்காரர்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவு அடைவை எடுப்பதோடு, அதன் உரிமத்தை முறைப்படி ஒப்படைத்துவிட்டு அழிக்கவேண்டும். பிறகு புதிய நிறுவலில் திரும்பப் பெறலாம். டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள் என்பதால், கணக்கு எழுதும் கணினியை லினக்ஸுக்கு மாற்றாதீர்கள் என்றே நான் சொல்வேன்.

பென்டிரைவில் நகலெடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். பல பென்டிரைவ்கள் ஃபேட் 32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அதில் 4 ஜி.பி.யைத் தாண்டும் ஒரே கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ இப்படித்தான் விட்டுப்போகும். அவசரத்தில் பிழைச் செய்தியை மூடிவிட்டு, எல்லாம் ஏறிவிட்டது என்று நம்பிவிடுவோம்.

நகலெடுத்த பின் அந்த வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள்: ஒரு படம், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம், ஒரு தமிழ் ஆவணம். ஆசிரியரின் கோப்பை அன்று வேறொரு கணினியில் ஒருமுறை திறந்திருந்தால், வட்டை அழிப்பதற்கு முன்பே எழுத்துரு இல்லாதது தெரிந்திருக்கும். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே எண்ணுவதில்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அடுத்து, புதிய இயங்குதளத்தின் கோப்பு. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதுவும் போதாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், இறக்கும் இணைப்பை மாற்றி, பிறர் கள்ளத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். சரியான தளத்துக்குத்தான் போனார்கள், ஆனாலும் சிலருக்குக் கெட்ட கோப்பு கிடைத்தது. இதற்காகத்தான் ஒவ்வொரு கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் கைரேகையை வெளியிடுகிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். பாதியில் அறுந்த இணைய இணைப்பால் கெட்டுப்போன கோப்பையும் அது காட்டிக்கொடுக்கும். நீங்கள் இறக்கிய கோப்பின் கைரேகையை அவர்கள் வெளியிட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுதும்போது அதில் முன்பு இருந்தது அழிந்துவிடும். காலியான பென்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் பெரிய வசதி என்னவென்றால், வட்டில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, உங்கள் அச்சுப்பொறி அச்சடிக்கிறதா, தமிழ் 99 விசைப்பலகையில் அடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைகளில் பல ஆண்டுகளாக உழைக்கும் சிறிய லேசர் அச்சுப்பொறிகள் சில லினக்ஸில் முரண்டுபிடிக்கும். அதை இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் கைவைப்பதற்கு முன், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். பயாஸில் ஒன்றை மாற்றியவுடன் கணினி அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். அந்த எண் அதே கணினிக்குள் ஒரு கோப்பில் இருந்தால் பயனில்லை. மடிக்கணினியின் மின்கம்பியை மாட்டியே வையுங்கள். மேசைக் கணினி என்றால் யூ.பி.எஸ். பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்தடை அறிவித்த நாளில் தொடங்கவே வேண்டாம்.

அன்று கடையில் பாமினியை ஏற்றி, கோப்பைத் திறந்தேன். பக்கம் முழுவதும் தமிழாக விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, கட்டியங்காரன் வரும் பகுதியைத் தேடி, வாய்க்குள்ளேயே இரண்டு வரி பாடிப் பார்த்தார். பிறகு முந்நூறு பக்கத்தையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றியதில் 'ஸ்ரீ' வரும் இடங்களில் சில பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்த அவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார்.

நன்றி. வணக்கம்.