தெய்வம் என்று சொன்னது போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, படிப்பகத்து முற்றத்தில் கூடியிருக்கும் ஊர் மக்களே, வணக்கம்.

தீராத நோயும் வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து வந்த குழந்தையை வளர்த்தெடுப்பது தாயின் தியாகமா, ஊரின் துணையா? இதுதான் தலைப்பு. ஊரின் துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, அப்படி ஒரு தாய் நான்கு வருடமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை, அவள் தெய்வம் என்றார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். ஆனால் நடுவர் அவர்களே, ஒருத்தி நான்கு வருடம் தூங்கவில்லை என்றால், நான்கு வருடமாக அவளை மாற்றிவிட ஓர் ஆள் வரவில்லை என்றுதானே அர்த்தம்? தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு நாம் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். தெய்வத்துக்கு முதுகு வலிக்காது. என் அக்காவுக்கு வலிக்கிறது.

அக்கா மகனுக்கு நான்கு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோனது. மூளை முடக்குவாதம், வலிப்பு, விழுங்குவதில் சிரமம் எல்லாம் உண்டு. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் சாப்பாடு. ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய்ப் பொடியில் காய்ச்சிய கூழைத் துணியில் வடிகட்ட வேண்டும். சின்னக் கட்டி போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். பிள்ளையைத் தலை உயர்த்திச் சாய்த்து வைத்து, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சிரிஞ்சால் இழுத்துப் பார்க்க வேண்டும். இடம் மாறியிருந்தால், கூழ் நுரையீரலுக்குப் போய்விடும். அப்புறம் அழுத்தாமல், தானாக இறங்கும்படி மெல்ல விட வேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரமாவது அவனைப் படுக்கப் போடாமல் வைத்திருக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு ஆறு வேளை. நடுவில் வலிப்பு மருந்து, கை கால் பயிற்சி, சளி எடுப்பது. அத்தான் விடியுமுன் ரப்பர் வெட்டப் போய்விடுவார். இத்தனையும் ஒருத்தி செய்கிறாள்.

போன ஐப்பசி மழையில் மரம் விழுந்து எங்கள் தெருவுக்கு வரும் லைன் அறுந்தது. 2017இல் ஒக்கிப் புயலுக்கு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த நமக்கு ஒரு ராத்திரி பெரிய விஷயமில்லை. அந்த வீட்டுக்கு அப்படியில்லை. சளி உறிஞ்சும் மெஷின் கரண்டில் ஓடுவது. பிள்ளைக்குத் தொண்டையில் சளி கட்டிக்கொண்டு, மூச்சு கர் கர் என்று இழுக்கிறது. அக்காவின் பாசத்தில் மெஷின் ஓடுமா? பந்தல் போடுகிற அண்ணன் கல்யாண வீட்டுக்கு விடும் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். பையன்கள் நனைந்துகொண்டே மரத்தை வெட்டி வழிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓடியது.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திராவுக்கோ எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கோ இப்படிப் பிள்ளையைக் கொண்டுபோனவர்கள் இங்கே இருப்பீர்கள். தோளில் பிள்ளை, ஒரு கையில் ஃபைலும் மருந்துப் பையும். ரயிலில் ஏறக் கம்பியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டாமா? அந்தக் கை யாருடையது?

சரி, அரசு உதவிகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு என்று எல்லாம் உண்டு. எந்த ஆபீஸில் எந்த மனு கொடுப்பது என்று தேட அக்காவுக்கு ஏது நேரம்? அங்கன்வாடி டீச்சர்தான் வீடு தேடி வந்து சொன்னார், கூடவே வரிசையில் நின்றார்.

எதிரணியில் கேட்டார்கள்: ‘என்ன பாவம் செய்தாளோ என்று பேசுகிற ஊரையா நம்பச் சொல்கிறீர்கள்?’ உண்மைதான். அக்காவின் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்ததும் இந்த ஊர்தான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் திணித்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லையே. ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, மணியைப் பார், 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. இவ்வளவுதானே? சாவி திணித்த அதே பக்கத்து வீட்டு மாமி, மறுவாரம் வந்து அக்காவிடம் இதைக் கேட்டுப் படித்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கே போய், நர்ஸிடம் குழாயில் கூழ் கொடுக்கவும் பழகிக்கொண்டார்.

அக்கா இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மணி எட்டரை. அவனுக்குக் கூழ் கொடுக்கும் நேரம். மாமி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அக்கா இதுவரை ஒரு தடவைகூடப் போனை எடுத்துப் பார்க்கவில்லை.

நன்றி, வணக்கம்.