ஒரு பகலில் ஓர் எல்லை நகரம்

மேற்படிப்புக்காக ஐரோப்பா செல்லவிருக்கும் மாணவர்களுக்கும், அவர்களை வழியனுப்பக் காத்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் படிக்கிற மாணவருக்கு ஊர் சுற்றக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சனிக்கிழமைதான். கையில் பணமும் அளவாகத்தான் இருக்கும். அந்த ஒரு பகலில் பத்து இடங்களுக்கு ஓடிப் படம் பிடித்துத் திரும்புவதைவிட, ஒரே ஒரு கேள்வியோடு ஊருக்குள் நடப்பதுதான் பயன் தரும் என்பது என் எண்ணம். பிரான்சின் கிழக்கு எல்லையிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரை எடுத்துக்கொண்டால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஊர் யாருடையது என்பது.

ஜெர்மனியில் படிப்பவர்கள் ஆற்றின் அக்கரையிலுள்ள ஜெர்மானிய எல்லை ஊரான கெல் வரை ரயிலில் வந்து டிராம் ஏறினால் போதும். 2017 முதல் அது ரைன் ஆற்றைக் கடந்து பிரான்சுக்குள் செல்கிறது. தனி விசா வேண்டியதில்லை என்றாலும், கடவுச்சீட்டையும் குடியிருப்பு அனுமதி அட்டையையும் விடுதி அறையில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சோதனை நடந்தால் காட்டியாக வேண்டும்.

டிராம் சில நிமிடங்களில் கடக்கும் இந்த எல்லைக்காக மூன்று பெரும் போர்கள் நடந்தன. 1681இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி கைப்பற்றிய ஊரை 1871இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. 1918இல் பிரான்சு மீட்டது. 1940இல் மறுபடியும் ஜெர்மனி. 1944 நவம்பரில் மறுபடியும் பிரான்சு. 1870இல் இங்கே பிறந்து எழுபத்தைந்து வயது வாழ்ந்த ஒருவர், வீட்டைவிட்டு நகராமலேயே நான்கு முறை நாடு மாறியிருப்பார்.

முதலில் பேராலயத்துக்குச் செல்லுங்கள். செம்மணற்கல்லால் கட்டிய அதன் ஒற்றைக் கோபுரம் 142 மீட்டர் உயரம். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். 1770இல் சட்டம் படிக்க இங்கே வந்த ஜெர்மானியக் கவிஞர் கெதே, உயரத்தைக் கண்டால் வரும் தலைசுற்றலைப் போக்கிக்கொள்ளவே இதில் திரும்பத் திரும்ப ஏறினார். 332 படிகள் ஏறினால் மேல்தளத்திலிருந்து நீங்களும் ஊரைப் பார்க்கலாம்.

உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும். ஷ்வில்கே என்பவர் 1843இல் முடித்த இயந்திரம் அது. கால்மணிக்கு ஒருமுறை குழந்தை, இளைஞன், நடுவயதினன், முதியவன் என ஒவ்வொருவராக மரணத்தின் உருவத்துக்கு முன் கடந்து செல்கின்றனர். ஆண்டுதோறும் மாறிவரும் ஈஸ்டர் நாளையும் பற்சக்கரங்களே கணக்கிட்டுச் சொல்கின்றன. திருத்தூதர்கள் ஏசுவின் முன் வரிசையாக வர, சேவல் மூன்று முறை கூவும் நண்பகல் காட்சியோ நம் கைக்கடிகாரத்தில் 12.30க்குத்தான் நடக்கும். ஸ்ட்ராஸ்பூர்க்கின் சூரிய நேரம் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு ஏறத்தாழ அரைமணி பிந்தியது. அரசுகள் மாறினாலும் கடிகாரம் சொந்த ஊரின் நேரத்தையே காட்டிவருகிறது.

தோல் பதனிடுவோர் வாழ்ந்த பெத்தித் பிரான்சு பகுதியை மதிய உணவுக்குப் பின் ஒரு நடையில் பார்த்துவிடலாம். அழகான இடம்தான், ஆனால் கூட்டம் அதிகம்.

பிறகு நீங்கள் நின்று பார்க்க வேண்டியது குடியரசுச் சதுக்கம். ஜெர்மானியர் ஆட்சியில் பேரரசரின் பெயர் தாங்கியிருந்த சதுக்கம் அது. நடுவிலே 1936இல் எழுப்பிய போர் நினைவுச்சின்னத்தில், இறக்கும் தறுவாயிலுள்ள இரண்டு மகன்களைத் தாய் ஒருத்தி தாங்கியிருக்கிறாள். ஒருவன் ஜெர்மனிக்காகவும் மற்றவன் பிரான்சுக்காகவும் போரிட்டவன். இருவர் உடலிலும் சீருடை இல்லை. முதல் உலகப் போரில் இவ்வூர் இளைஞர்கள் ஜெர்மன் குடிமக்களாக இருந்ததால் பெரும்பாலோர் அந்தப் படையிலேயே மடிந்தனர். ஆகவே, பிரான்சின் மற்ற ஊர்களில் வழக்கமாகக் காணும் 'பிரான்சுக்காக உயிர்நீத்தோர்' என்ற தொடரை இங்கே பொறிக்க முடியவில்லை. 'நம் இறந்தோருக்கு' என்று மட்டுமே பொறித்தார்கள். அடுத்த போரில், இவ்வூர் அடங்கிய அல்சாஸ், அதையொட்டிய மொசேல் பகுதிகளிலிருந்து சுமார் 1,30,000 பேரை ஜெர்மன் படை வலுக்கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டது. சிலைக்கு அப்போது வயது ஆறுதான்.

மாலையில் நேரம் மிஞ்சினால் டிராமில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை போய்வாருங்கள். மனித உரிமைகளைக் காக்க ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அமைத்த ஐரோப்பிய மன்றம் 1949இல் இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டதற்கும், மனித உரிமை நீதிமன்றம் இங்கேயே அமைந்ததற்கும் காரணம் தேடி நீங்கள் நூலகம் போக வேண்டியதில்லை. மதியம் சதுக்கத்தில் பார்த்ததே போதும். நாடாளுமன்றம் இங்கே மாதத்துக்கு நான்கு நாள் அளவில்தான் கூடுகிறது என்பதால், சனிக்கிழமையன்று வெளியே நின்று பார்த்துவிட்டுக் கெல் செல்லும் டிராமைப் பிடிப்பதே நல்லது.