கரையால போகாதே பிள்ளை

வணக்கம் நேயர்களே. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டும்போதெல்லாம் அம்மா உள்ளே இருந்து குரல் கொடுப்பார்: "கரையால போ பிள்ளை." யாழ்ப்பாணத்தில் கேட்ட அதே சொல்லை லண்டனில் என் மகளுக்கு நானும் சொன்னேன். அவளும் நடைபாதையை ஒட்டியே ஓடினாள். ஒரு மழை நாள், தெருவோர வடிகாலின் இரும்பு மூடியில் முன்சில்லு வழுக்கி விழுந்தாள். முழங்கால் உரசலோடு போயிற்று. பின்னால் வந்த கார் மெதுவாக வந்ததுதான் நாங்கள் செய்த புண்ணியம்.

பிறகுதான் ஹைவே கோட் (Highway Code) என்ற பிரித்தானிய வீதி விதிநூலை ஒழுங்காக வாசித்தேன். 2022 ஜனவரி 29 முதல் நடைமுறையில் இருக்கும் 72ஆம் விதி, அம்மா சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அமைதியான தெருக்களிலும், வாகனங்கள் ஊர்ந்து போகும் இடங்களிலும், சந்தியை நெருங்கும்போதும், வீதி ஒடுங்கும் இடத்திலும் உங்கள் லேனின் நடுவில் ஓடுங்கள் என்கிறது. அமைதியான தெருவில் பின்னால் வேகமான வாகனம் வந்தால், பாதுகாப்பாக முடியுமென்றால், இடப்பக்கம் ஒதுங்கி வழி விடலாம். வாகனங்கள் வேகமாக ஓடும் பெரிய வீதியில்கூட ஓரத்திலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளியே ஓட வேண்டும்.

ஏன் நடுவில்? பக்கத்துத் தெருவிலிருந்து வெளியே வரும் ஓட்டுநரின் கண் கார் வரும் இடத்தைத்தான் தேடும். ஓரத்தில் ஒட்டி வரும் பிள்ளை, நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னால் மறைந்துபோவாள். இன்னொன்று, நீங்கள் ஓரத்தில் போனால் பின்னால் வருபவருக்கு "இடம் இருக்கிறதே" என்று தோன்றும். வீதி நடுவே திட்டு இருக்கும் ஒடுக்கமான இடத்தில் அவர் உரசிக்கொண்டு முந்துவார். நடுவில் போனால் காத்திருப்பார். ஹார்ன் அடிக்கிறார்களே என்று பலர் கேட்கிறார்கள். அடிக்கட்டும், உங்களைப் பார்த்துவிட்டுத்தானே அடிக்கிறார்!

இவை பெரும்பாலும் அறிவுரைகள்தான். கடைப்பிடிக்காததற்காக மட்டும் வழக்கு வராது. ஆனால் விபத்து நடந்து பிழை யாருடையது என்ற கேள்வி எழுந்தால், நீதிமன்றம் இவற்றையும் கணக்கில் எடுக்கலாம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கார் ஓட்டுபவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள், வேகம் கூடினால் இன்னும் அதிகம். இருவர் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் கோபப்படாதீர்கள், கோட் அதற்கு இடம் தருகிறது. பிள்ளையோடு போகும் தகப்பன் வீதிப்பக்கமாக ஓடுவது அவளைக் காப்பதற்குத்தான்.

கடைசியாக, கார்க் கதவு. நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு மீட்டர், அதாவது ஒரு கதவின் அகலம், தள்ளி ஓடச் சொல்லி மகளுக்குப் பழக்கியிருக்கிறேன். நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கும்போது வலக்கதவை இடக்கையால் திறவுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் தோளுக்குப் பின்னால் போகும், வரும் சைக்கிள் தெரியும். இன்று வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் ஒருமுறை செய்து பாருங்கள். நன்றி, வணக்கம்.