பதிவாளர் நாயகம் அருணாசலமும் அடி லாச்சிப் படிவமும்

பெருமதிப்புக்குரிய சபைத் தலைவர் அவர்களே, என் வலப்புறம் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, மாநகரசபை உறுப்பினர் அவர்களே, ஒலிவாங்கியை மூன்று தடவை திருத்தித் தந்த தம்பி அவர்களே, வெள்ளவத்தை மழையில் நனைந்து வந்திருக்கும் தாய்மாரே, பெரியோரே! கோயில் தர்மகர்த்தாவை விட்டுவிட்டேன் என்று சைகை காட்டுகிறார்கள். அவருக்கு இரட்டை வணக்கம்.

சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் இளமை, உத்தியோகம், அரசியல் ஆகிய மூன்றையும் பேசப் பணித்திருக்கிறார்கள். தந்த இருபது நிமிடத்தில் வணக்கத்துக்கே நான்கு போய்விட்டது.

1853 செப்டெம்பர் 14ஆம் திகதி இதே கொழும்பில் பிறந்தவர் அவர். அரசியல் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தம்பி. தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபை உறுப்பினர். இன்று றோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியில் படித்தார். புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். திறந்த போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவரே. அது 1875இல். அந்த வீட்டுப் பிள்ளைக்கு மாமன் பெயரைச் சொன்னாலே ஏதாவதொரு நாற்காலி கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். அவர் வெள்ளைக்காரனோடு ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதி உரிமையைக் கேட்டார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார் என் அப்பாச்சி.

நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களில் இருந்துவிட்டு 1887இல் பதிவாளர் நாயகமானார். பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி எல்லாம் அந்தக் கந்தோருக்குள் அடக்கம். 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. இந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதிய கை ஒரு தமிழரின் கை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

போன மாதம் என் பேத்தியின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் திருத்துவதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கே எனக்கு இன்னும் வேலை முடியவில்லை. பிள்ளையின் பெயரில் ஒரு ழகரம். பத்திரத்தில் அது லகரமாகிவிட்டது. "ஒரு எழுத்துத்தானே" என்றார் பக்கத்தில் நின்றவர். "உங்கள் காணி உறுதியில் ஒரு எழுத்து மாறினால் சும்மா இருப்பீர்களா?" என்றேன். அவர் வரிசை மாறிப் போய்விட்டார். முறை வந்தது. படிவம் சிங்களத்தில். தமிழ்ப் படிவம் கேட்டேன். "முடிந்துவிட்டது ஐயா, இதையே நிரப்புங்கள், நான் உதவி செய்கிறேன்" என்றார் மேசையில் இருந்த உத்தியோகத்தர் பிள்ளை. நல்ல பிள்ளை, பொய் சொல்லவும் தெரியவில்லை. நான் வாங்கிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணி ஆயிற்று. தேநீர் வேளை வந்து போயிற்று. வீட்டிலிருந்து மனைவி தொலைபேசியில் கேட்கிறார்: "படிவம் வாங்கப் போனீர்களா, அச்சடிக்கப் போனீர்களா?" பன்னிரண்டு மணிக்கு அந்தப் பிள்ளை எழுந்து, குனிந்து, அடி லாச்சியை இழுத்தார். உள்ளே ஒரு கட்டு. சணல் நூல்கூட அவிழ்க்கவில்லை, ஐயா! அத்தனையும் தமிழ்ப் படிவம். "ஒருவரும் கேட்பதில்லையே" என்றார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாங்கள் அழவும் மறந்துவிட்டோம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் ஏறிய தமிழ் மேசைக்கு மேலே ஏறவில்லை.

தலைவர் மணியைத் தொடுகிறார். அரசியல் பாக்கி. 1913இல் அருணாசலம் ஓய்வு பெற்றார். 1917இல் "நமது அரசியல் தேவைகள்" என்ற புகழ்பெற்ற உரை. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். இரண்டே வருடத்தில், மேல் மாகாணத் தமிழருக்குத் தனி ஆசனம் என்ற வாக்குறுதி பொய்த்துப்போக, மனம் கசந்து வெளியேறினார். 1924இல் மதுரையில் காலமானார். அந்த ஆசனத்தின் கதைக்கு இன்னொரு கூட்டம் வையுங்கள், வருகிறேன்.

இப்போது வாசலண்டை மேசையைப் பாருங்கள். மனு ஒன்று இருக்கிறது. தமிழ்ப் படிவம் கேட்காமலே மேசைமேல் இருக்க வேண்டும். அதில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறோம். நீதிபதி அவர்கள் முதல் கையொப்பம் இட இசைந்திருக்கிறார். தமிழிலேயே இடுங்கள். நீல மைப் பேனாதான் எழுதுகிறது, கறுப்பு எழுதாது. போகும்போது அவரவர் குடையைப் பார்த்து எடுங்கள். வணக்கம்.